மாமாவின் துப்பாக்கிக்கு ஓர் ஈ

துப்பாக்கியின் வாய் ஓரத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருக்கும், அது போய்விட்டால் துப்பாக்கி குருடாகிவிடும் என்று எனக்குச் சொன்னவர் மாமா. மாமா என்றால் என் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். போர்ட் பிளேரில் மரைன் ஹில் சரிவில் எங்கள் குவார்ட்டர்ஸ். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் ஃபிட்டர் வேலை. மாமாவும் அத்தையும் வண்டூர் போகிற சாலையில், பஸ்ஸை விட்டு இறங்கி ஓடையோரமாக வெகுதூரம் நடக்கவேண்டிய ஓரிடத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா காட்டிலாகாவில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றபின் வாங்கிய நிலம் அது. முன்னால் ஓடை, ஓடைக்கு அக்கரையில் ஒரு வங்காளிக் குடும்பம், பின்னால் காடு. காடு முழுக்க மான்.

அந்தமானில் புலி கிடையாது, நரி கிடையாது. எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் அழகு பார்ப்பதற்காகக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள், தின்பதற்கு ஆளில்லாமல் பெருகிப் பெருகிக் கடைசியில் எங்கள் அத்தையின் நெல்லைத் தின்ன வந்துவிட்டன. அதற்காகத்தான் மாமாவிடம் லைசென்ஸும் ரைஃபிளும் இருந்தன. ஒரு கதிரைக்கூட மான் வாயில் விடாத காவல்காரர் என்று மாமா தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். பீடி நெருப்பின் வெளிச்சத்தில் மானின் கண்ணைப் பார்த்துச் சுட்ட கதையை எனக்கு மட்டும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் மானின் கொம்பு கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

ஆவணி மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் இருவரும் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார்கள். மாமா முன்னால், தோளில் கான்வாஸ் உறைக்குள் ரைஃபிள். அத்தை பின்னால், ஒரு கையில் குடை, இடுப்பில் பூசணிக்காய். மாமா பாதிப் படியிலேயே நின்று, “என்ன மாப்ளே, டூட்டிக்குக் கிளம்பலியா?” என்று உரக்க விசாரித்தார். பதில் வரவில்லை. ஏனென்றால் அவர் விசாரித்தது தாழ்வாரத்துக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் காக்கிச் சட்டையை. அப்பா கொல்லைப்புறத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“உன்னைச் சிரிக்க வைக்கத்தாம்ட்டி கேட்டேன்,” என்று மாமாவும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. பூசணிக்காயை இறக்கி வைத்துவிட்டு நேரே சமையலறைக்குள் போய்விட்டாள்.

இட்லி சாப்பிட்டதும் மாமா ரைஃபிளை உறையிலிருந்து எடுத்து அப்பாவின் மடியில், சீக்குப்பிடித்த பிள்ளையை வைத்தியரிடம் கிடத்துவதுபோலக் கிடத்தினார்.

“மக்கி போயிட்டு மாப்ளே. மக்கி இல்லைன்னா இது வெறும் உலக்கை.”

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தி என்று வளர்ந்த தீவுப் பிள்ளை நான். மக்கி என்றால் ஈ என்று எனக்குத் தெரியும். துப்பாக்கிக்கு எதற்கு ஈ?

மாமா என் தலையைப் பிடித்துத் துப்பாக்கியின் பின்பக்கத்தில் வைத்துக் காட்டினார். கண்ணுக்குக் கிட்டத்தில் ஓர் இரும்புத் தகடு, அதன் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு. தூரத்தில், குழலின் நுனியில், ஒரு காலிப் பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் ஈ அளவு ஓர் இரும்பு மொட்டு உட்கார்ந்திருக்குமாம். வெட்டின் நடுவில் ஈ தெரியவேண்டும், ஈயின் தலைமேல் மான் தெரியவேண்டும். எல்லாம் ஒரே கோட்டில் வந்தால் மான் காலி. பின்னால் இருக்கும் வெட்டு பழுதில்லாமல்தான் இருந்தது. ஈயைத்தான் காணோம்.

“எப்படிப் போச்சு?” என்று அப்பா கேட்டார்.

மாமா சொன்ன கதை இது. அந்தி நேரம், தூறல் விழுகிறது. ஓடையோரத்தில் ஒரு மான் குனிந்து மேய்ந்துகொண்டிருக்கிறது. பழுப்பு முதுகு நன்றாகத் தெரிகிறது. அவ்வளவு கிட்டத்தில் கிடைத்த மானை அவர் சர்வீஸிலேயே விட்டதில்லை. சுட்டார். மான் விழவில்லை, துள்ளவில்லை, ஓடவுமில்லை. இருந்த இடத்தில் மறைந்துவிட்டது. போய்ப் பார்த்தால் ரத்தம்கூட இல்லை. அப்படியென்றால் ஈதான் சாய்ந்திருக்கவேண்டும். நிமிர்த்தலாம் என்று சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். ஈ பறந்தே போய்விட்டது.

“மான் எப்படி மாமா இருந்த இடத்துலயே மறையும்?” என்று கேட்டேன்.

“அதான் மக்கிக் கோளாறுங்கேன்!” என்றார் மாமா.

சமையலறையில் அத்தை எதையோ அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்ததும் இருவரும் பூசணிக்காயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அப்போது எங்கள் சித்தப்பா மெட்ராஸ் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலையாக இருந்தார். கப்பல் துறைமுகத்தில்தான் நின்றது. அப்பா ஒரு சோப்புக்கட்டியை எடுத்து, துப்பாக்கி நுனியின் பள்ளத்தை அதில் அழுத்தி அச்சு எடுத்தார். மெட்ராஸில் துப்பாக்கிக் கடையில் இதைக் காட்டி, இந்தப் பள்ளத்தில் உட்காருகிற ஈயை வாங்கி வா என்று சித்தப்பாவிடம் கொடுத்து அனுப்பினார். சோப்பு கரையாமல் இருக்க எண்ணெய்க் காகிதத்தில் சுற்றினார். கடலைத் தாண்டி ஒரு சோப்புக்கட்டி ஈயைத் தேடிப் போகிறது என்பது எனக்கு அந்த வருஷத்தின் பெரிய அதிசயம்.

கப்பல் போய்த் திரும்புவதற்குள் நான் அப்பாவைத் துளைத்தெடுத்துவிட்டேன். ஈ எவ்வளவு பெரிதாக இருக்கும்? பெரிய ஈ இருந்தால் பெரிய மான் விழுமா? அப்பா பொறுமைசாலி. அடுப்பு ஊதுகிற குழலைக் கொண்டுவரச் சொல்லி, அதன் நுனியில் சோற்றுப் பருக்கையால் ஒரு தீக்குச்சித் துண்டை நிமிர்த்தி ஒட்டினார். துறைமுகத்தில் நின்ற ஒரு படகின் கொடிமரத்தைக் குறி பார்க்கச் சொன்னார். பிறகு தீக்குச்சியை எடுத்துவிட்டு அதைவிட நீளமான ஒன்றை ஒட்டினார். மறுபடியும் அதே கொடிமரத்தைக் குறி பார்த்தேன்.

“இப்பம் குழல் வாய் எங்க பாக்குது, பாரு.”

கண்ணும் தீக்குச்சியும் கொடிமரமும் ஒரே கோட்டில்தான் இருந்தன. ஆனால் குழலின் வாய் கொடிமரத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தது. ஈ உயர்ந்தால் வாய் தாழும். ஈ தாழ்ந்தால் வாய் உயரும். இதை நானே கண்டுபிடித்ததைப்போல வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கு அதனால் பெருமை இன்னும் கூடியது.

பூஜா விடுமுறை தொடங்கிய சமயத்தில் மெட்ராஸ் கப்பல் ஊதிக்கொண்டு வந்து சேர்ந்தது. சித்தப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு பொடி டப்பாவை எடுத்துத் திறந்தார். பஞ்சுக்குள் மூன்று ஈக்கள் படுத்திருந்தன.

கடைக்காரருக்கு சோப்பைப் பார்த்துப் பள்ளத்தின் அகலம் தெரிந்ததாம். ஈயின் உயரத்தைச் சொல்ல முடியவில்லையாம். அதனால் மூன்று விதம் கொடுத்து, சுட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் இதே கப்பலில் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார். ஒன்று மெல்லிய இரும்பு இதழ். ஒன்று குட்டையான கழுத்தும் பித்தளைத் தலையும் உள்ளது. மூன்றாவது கொக்குக் கழுத்துப்போல உயர்ந்து, தலையில் பச்சரிசி மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு வைத்திருந்தது. நான் பார்த்த அளவில் அதுதான் அழகு.

கப்பல் கிளம்புவதற்குள் முடிவு செய்யவேண்டும். அப்பா லீவு போட்டார். அரம், சுத்தியல், பித்தளைத் துண்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டார். அம்மா, அப்பா, நான் மூவரும் பஸ் ஏறினோம்.

போய்ச் சேர்ந்தபோது அத்தையின் வயல் ஒரு மூலையில் மொட்டையாகக் கிடந்தது. ஈ இல்லாத துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று மாமா அதைச் சுவரில் சாய்த்துவிட்ட நாட்களில் மான்கள் வந்து மேய்ந்த இடம். அத்தையும் மாமாவும் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். முதல் நாள் ஓடிய மான்கள் அடுத்த நாள் டின் சத்தத்துக்குத் தலைகூட நிமிரவில்லையாம். “தாளம் நல்லா இருக்குன்னு நின்னு கேக்கு,” என்றார் மாமா. அத்தை அந்த மொட்டை மூலையைப் பார்த்தபடி நின்றாள். அந்த வருஷத்து அரிசி முழுக்க அந்த வயலில்தான் நின்றது.

பிற்பகலில் அப்பாவும் அத்தையும் வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டான் பிடிக்கிற சாக்கில் பின்னால் போனேன். அத்தை சொல்வது காதில் விழுந்தது. “துப்பாக்கி வேணும் தம்பி. சத்தம் இல்லைன்னா ஒரு மணி நெல்லு வீடு வந்து சேராது. அவருகிட்ட இருந்து அதைப் பிடுங்கினா அவரு மனுஷனாவே இருக்க மாட்டாரு. ஆனா...” என்று நிறுத்தினாள். என் நிழல் வரப்பில் விழுந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்து, “போய் அம்மாகிட்ட காப்பி கேளு,” என்றார். அப்பா காப்பி குடித்து முடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. குலை தள்ளி முடிந்த ஒரு வாழையை வெட்டித் தண்டைத் துண்டு போட்டார்கள். வயலின் கடைசியில், மான்கள் மொட்டையடித்த மூலையில், செம்மண் மேட்டுக்கு முன்னால் ஒரு துண்டை நட்டு, சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார் அப்பா. இந்தப் பக்கம் ஒரு மரக்கட்டைமேல் சாக்கை விரித்து, ரைஃபிளை அதில் சாய்த்துவைத்தார்.

முதலில் இரும்பு இதழ். பித்தளைத் துண்டை வைத்து அப்பா மெதுவாகத் தட்டத் தட்ட, அது பள்ளத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மாமா படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தார். தலையை எடுத்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இதுல ஈ எங்கய்யா இருக்கு? ரோமம் மாதிரில்லா இருக்கு!”

இருந்தும் சுட்டார். வாழைத்தண்டுக்கு வெகுதூரம் தள்ளி மேட்டில் மண் தெறித்தது. காட்டுக்குள்ளிருந்து கிளிகள் கத்திக்கொண்டு கிளம்பின. “மேன்லாந்துல இப்படித்தான் ஏமாத்துவான்,” என்று மாமா அந்த ஈயைக் கைகழுவினார்.

அடுத்தது பித்தளைத் தலை. இந்தத் தடவை அப்பாவே முதலில் சுட்டார். அத்தை குடையை ஊன்றிக்கொண்டு வரப்பு வழியே பார்க்கப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். சுண்ணாம்பு வட்டத்தின் நடுவில் ஓர் ஓட்டை, என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு. உள்ளே இருந்து வாழைச் சாறு கசிந்தது. என் விரலை விட்டுப் பார்த்தேன். பிறகு மாமா சுட்டார். ஒரு குண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. இன்னொன்று தண்டின் விளிம்பைச் சீவிக்கொண்டு போனது. “தோட்டா பழசு,” என்றார் மாமா. அப்பா அதே பெட்டித் தோட்டாவில்தான் சுட்டார் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் தோளில் கைவைத்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது.

மூன்றாவது வெள்ளைப் பொட்டு. அதைப் பொருத்தும்போதே அப்பா உதட்டைப் பிதுக்கினார். “இது உசரம் ஜாஸ்தி அத்தான். குண்டு கீழ போகும்.” சுட்டார். வாழைத்தண்டு அசையவில்லை. அதற்கு வெகு முன்னாலேயே வயல் சேறு குபீரென்று எழும்பி விழுந்தது.

என் விஞ்ஞானம் கண்முன்னால் நடந்துவிட்டது. “ஈ உயர்ந்தா வாய் தாழும்! ஈ உயர்ந்தா வாய் தாழும்!” என்று குதித்தேன்.

“அராவினா சரியாயிரும்,” என்று அப்பா பையிலிருந்து அரத்தை எடுத்தார். அதற்குள் மாமா படுத்துக் குறி பார்க்க ஆரம்பித்திருந்தார்.

“மாப்ளே... ஏ மாப்ளே!” அவர் குரலை அப்படி நான் அதுவரை கேட்டதில்லை. “தெரியுது மாப்ளே! ஈ தெரியுது! நிலா மாதிரில்லா தெரியுது!”

கதை சொல்லும்போது வருகிற குரல் அல்ல அது. திருவிழாவில் தொலைந்துபோய்த் தாயைக் கண்டுகொண்ட பிள்ளையின் குரல். அப்பா அரத்தைக் கையில் வைத்தபடி அத்தையைப் பார்த்தார்.

“அராவாண்டாம் தம்பி,” என்றாள் அத்தை. “அப்படியே இருக்கட்டும். அவரு கைக்கு எப்படி வருதுன்னு பாப்போம்.”

அப்பா புதிய வாழைத்துண்டை நட்டு வட்டம் போட்டுவிட்டு வந்தார். மாமா சுட்டார். சேறு எழும்பியது. நான் பார்த்தேன், அப்பா பார்த்தார், அத்தை பார்த்தாள். மாமா மட்டும் தலையை நிமிர்த்தி, கண்களை இடுக்கிக்கொண்டு, “எங்க பட்டுது?” என்றார்.

அத்தை குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நானும் ஓடினேன்.

வட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. சுண்ணாம்பு இன்னும் ஈரமாக, முழுசாக இருந்தது. அத்தை ஆண்களுக்கு முதுகைக் காட்டி, தண்டை மறைத்துக்கொண்டு நின்றாள். மடக்கிய குடையை ஈட்டிபோலச் சாய்த்துப் பிடித்து, அதன் இரும்பு முனையை வட்டத்தின் நடுவில் வைத்து ஓங்கி ஒரு குத்து. ஒரு திருகு. வெளியே எடுத்தாள். வாழைச் சாறு கசிந்தது. அப்பா சுட்ட ஓட்டைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அத்தை என்னைப் பார்த்தாள். மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. குடை முனையைப் புல்லில் துடைத்துவிட்டுத் திரும்பி, வயல் முழுக்கக் கேட்கும்படி கூவினாள்.

“நட்ட நடுவுல!”

மாமா எழுந்து நின்றுவிட்டார். மறுபடியும் படுத்துச் சுட்டார். மறுபடியும் சேறு. மறுபடியும் குடை. தண்டின் வட்டத்துக்குள் ஓட்டைகள் அடுத்தடுத்து வந்தன. அத்தைக்கு இதில் கை தேர்ந்துவிட்டதைப் பார்த்து எனக்குப் பயமாகக்கூட இருந்தது. ஒன்றை மட்டும் கொஞ்சம் ஓரமாகக் குத்தினாள். எல்லாம் நடுவில் இருந்தால் நம்பமாட்டார் என்று நினைத்திருக்கவேண்டும்.

திரும்பி வந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டார். “ஏட்டி, உங்க அத்தை என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுவா. நீ பொய் சொல்ல மாட்ட. நீ சொல்லு. எங்க பட்டுது?”

நான் அப்பாவைப் பார்த்தேன். கணக்கில் ஒரு கோடு கோணினால் முழுப் பக்கத்தையும் திருப்பி எழுதவைக்கிறவர் அவர். முடியளவு வித்தியாசமிருந்தால் மரையாணியைத் தூக்கி எறிகிறவர். அவர் எண்ணெய்த் துணியால் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துப் பையில் போட்டு வாரை இறுக்கினார். என் பக்கம் பார்க்கவேயில்லை. அத்தை மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நடுவுல மாமா,” என்றேன்.

மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வீடு வரை வந்தார். வழியெல்லாம் பீடி வெளிச்சத்து மான் கதை. கொம்பு மறுபடியும் வளர்ந்திருந்தது.

மற்ற இரண்டு ஈக்களையும் டப்பாவில் பஞ்சுக்குள் வைத்து அப்பா அன்று மத்தியானமே பஸ்ஸுக்குக் கிளம்பினார். அம்மாவும் நானும் விடுமுறை முடியும்வரை தங்குவதாக ஏற்பாடு. பஸ் நிற்கும் இடம்வரை நான் அப்பாவோடு நடந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்பா, அது தப்பான ஈதானே?”

“அளவுக்குத் தப்புதான்.”

“பின்ன ஏன் அராவல?”

அப்பா பையைத் தோள் மாற்றிக்கொண்டார். “உங்க அத்தை நிலத்துக்கு அதுதான் சரி,” என்றார்.

இந்தப் பதிலை நான் பல நாள் ஆராய்ந்தேன். நிலத்துக்கும் ஈக்கும் என்ன சம்பந்தம்? வயல் மேல்நோக்கிச் சரிந்திருக்கிறது போலும், அதனால்தான் துப்பாக்கி கீழே பார்க்கவேண்டும் என்று எனக்கு நானே ஒரு கோட்பாடு வகுத்துக்கொண்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை வரப்பில் வைத்து உருட்டிப் பார்த்தேன். அது எந்தப் பக்கமும் உருளவில்லை. கோட்பாட்டை விடவும் மனமில்லாமல், பழம் சரியான உருண்டையில்லை என்று முடிவுகட்டினேன்.

அந்த ஏற்பாடு ஒழுங்காகவே வேலை செய்தது என்று சொல்லவேண்டும். அந்தமானில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். இருட்டுக்கட்டும் நேரத்தில் மாமா வயலோரம் போய் உட்காருவார். காட்டு விளிம்பில் ஏதாவது அசைந்தால் நிலாவைப் போன்ற தன் ஈயைப் பார்த்துச் சுடுவார். குண்டு சேற்றில் புதையும். சத்தத்துக்கு மான்கள் காட்டைக் கிழித்துக்கொண்டு ஓடும். டின்னுக்கு அசராத மான்களுக்கு ரைஃபிளின் மரியாதை தெரிந்திருந்தது. மாமா வீட்டுக்கு வந்து, “தப்பிச்சுட்டு. ஆனா ஏக்தம் பயம் புடிச்சுட்டு,” என்பார். நெல் அதற்குமேல் ஒரு கதிர்கூடக் குறையவில்லை.

ஒருநாள் அத்தை சுசியம் சுட்டாள். ஒரு தூக்குப்போணி நிறையப் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி வங்காளிக் குடும்பத்தின் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டு மனிதரை எல்லோரும் வங்காளியில் தாதா, அதாவது அண்ணன், என்பார்கள், அவர் மனைவியை பவ்தி, அண்ணி, என்பார்கள். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அத்தையைக் கண்டதும் எழுந்து நின்றார். பவ்தி எனக்குப் பொரியும் தேங்காய் உருண்டையும் கொடுத்தாள். தின்றுகொண்டே நான் சுவரில் மாட்டியிருந்ததை எல்லாம் ஆராய்ந்தேன். மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிற பழுப்புச் சாக்குக் கொங்காடை ஒன்று தொங்கியது. அதில் மேல்பக்கம் ஓர் ஓட்டை, மறுபக்கம் நேர் எதிரே இன்னோர் ஓட்டை. இரண்டையும் யாரோ சிவப்பு நூலால் பொறுமையாகத் தைக்க ஆரம்பித்து, ஒன்றைப் பாதியில் விட்டிருந்தார்கள். என் சுண்டுவிரல் அதற்குள் சரியாக நுழைந்தது.

“தாதா, யே க்யா ஹுவா?” என்று ஓட்டையைக் காட்டிக் கேட்டேன்.

தாதா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள்.

“சூஹா,” என்றார் தாதா. எலியாம். “பஹுத் படா சூஹா.”

பெரிய எலி என்றதும் அவரே சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தாள். பவ்தி சிரித்தபடி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எலி இவ்வளவு வட்டமாகவும் இவ்வளவு நேர்கோட்டிலும் கடிக்குமா என்பதுதான் எனக்கு அப்போது வந்த ஒரே சந்தேகம். வாழைத்தண்டு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தவள், அந்த ஓட்டையையும் இந்த ஓட்டையையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மாமா காலமானபின்தான் அம்மா எனக்கு அதைச் சொன்னாள். அன்று தூறலில் மாமா சுட்டது மானை அல்ல. ஓடையில் மீன்கூடையை எடுக்கக் குனிந்திருந்த தாதாவை. குண்டு கொங்காடையைத் துளைத்துக்கொண்டு போனது, தலைக்கும் அதற்கும் நடுவே காற்று மட்டும்தான் இருந்திருக்கிறது. தாதா அப்படியே தண்ணீரில் படுத்து, ஊர்ந்து கரையேறி வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் மாமா இல்லாத நேரம் பார்த்து அத்தையிடம் வந்து கொங்காடையைக் காட்டினார். அவர் போலீஸுக்கும் போகவில்லை, மாமாவிடமும் சொல்லவில்லை. அத்தை சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாளா, அவரே வேண்டாம் என்றாரா, அம்மாவுக்குத் தெரியவில்லை. கடைசிவரை மாமாவுக்குத் தன் கண்ணைப் பற்றியும் தெரியாது, அந்த மானைப் பற்றியும் தெரியாது.

ஆனால் அந்த விடுமுறையில் இதொன்றும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தைக்குச் சங்குச் சத்தம் மிகவும் பிடிக்கும் என்பதுதான். அந்தியில் மாமா வயலுக்குப் போனதும் அத்தை உலையை வைத்து, அரிசியைக் களைந்து கையில் வைத்துக்கொள்வாள். துப்பாக்கிச் சத்தம் கேட்கும். அரிசியை உலையில் போடமாட்டாள். சமையலறை வாசலில் வந்து, ஓடைப் பக்கம் பார்த்து நிற்பாள். கொஞ்ச நேரத்தில் அக்கரையில் பவ்தி விளக்கேற்றிச் சங்கு ஊதுவாள், வங்காளி வீடுகளில் துக்கமில்லாத நாளெல்லாம் அந்தியில் அப்படி ஊதுவார்கள். அதைக் கேட்டபிறகுதான் அத்தை உள்ளே வந்து அரிசியைப் போடுவாள். ஒருநாளும் மாறியதில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சங்கு ஊதத் தாமதமாயிற்று. உலைநீர் கொதித்துத் தளும்பி அடுப்பில் விழுந்து புகைந்தது. “அத்தை, உலை பொங்குது,” என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. களைந்த அரிசியின் தண்ணீர் அவள் முழங்கை வழியே சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அக்கரையிலிருந்து சங்கு வந்தது, நீளமாக, நடுவில் மூச்சு வாங்கி மறுபடியும். அத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இவ்வளவு ஆசை இருக்கிறவள் ஏன் அடுத்தவர் ஊதுவதற்காகக் காத்து நிற்கவேண்டும் என்று எனக்குப் பாவமாக இருந்தது. போர்ட் பிளேருக்குத் திரும்பியதும் முதல் காரியமாக அப்பாவிடம் சொன்னேன். அபர்தீன் பஜாரில் நல்ல சங்குகள் கிடைக்கும், அத்தைக்கு ஒன்று வாங்கி அனுப்புங்கள், அவளே ஊதிக்கொள்ளட்டும் என்று.